அக்கரைக் கணக்கு

சின்னவளின் படம் செய்தித்தாளில் வந்த அன்றைக்குப் பெரியவளுக்கு அலுவலகத்தில் வேலையே ஓடவில்லை.

படத்தை வெட்டி அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்தவர் தலைமை எழுத்தர். நல்ல எண்ணத்தில்தான் குத்தினார். மாகாண ஆணையர் ஒரு தண்ணீர்த் தொட்டியின் குழாயைத் திறக்கிறார். பக்கத்தில் சின்னவள் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். கீழே கொட்டை எழுத்தில், அக்கரை உள்ளாட்சி மன்றத் தலைவி என்று போட்டிருந்தது.

“உங்க கூடப்பிறந்த தங்கச்சியாமே! இருபத்திரண்டு வருஷமா பக்கத்து மேஜையில உக்காந்திருக்கோம், ஒரு வார்த்தை சொன்னதில்லையே நீங்க?”

“நீங்க கேட்டதில்லையே” என்றாள் பெரியவள்.

அதற்குப் பிறகு அன்று முழுக்க ஆளாளுக்கு வந்து கேட்டார்கள். கடைநிலை ஊழியரிலிருந்து, வருடத்தில் இரண்டு முறை மட்டும் கதவைத் திறந்து எட்டிப்பார்க்கும் பொறியாளர் வரை. இருபத்திரண்டு வருடத்தில் அவள் மேஜைக்கு இத்தனை பேர் வந்தது அன்றுதான். வந்தவர்கள் அவளைப் பார்க்கவில்லை, அவள் முகத்தில் அந்தப் படத்தின் சாயலைத் தேடினார்கள்.

அவள் வேலை செய்தது மாகாண அலுவலகத்தின் வரைபட, மக்கள்தொகைப் பிரிவில். நீளமான அறை. மூன்று இரும்பு பீரோ, சரிவான ஒரு பெரிய மேஜை. துணியில் ஒட்டிய வரைபடத்தை அதில் விரித்தால் நாலு மூலையிலும் கல் வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வேர்க்க வேர்க்க வேலை செய்ய வேண்டும். மாகாணத்தின் ஏழு வட்டாரங்களும் இருநூற்றுப் பதினெட்டுக் குடியிருப்புகளும் அவளுக்கு விரல் நுனியில். எந்த மலைச்சரிவில் எத்தனை வீடு, எந்தச் சாலை மழைக்கு முதலில் அறுந்துபோகும், எந்த ஊரில் பெண்கள் அதிகம், எந்த ஊரில் வாலிபர்களே இல்லை என்று கேட்டால் பதிவேட்டைத் திறக்காமலே சொல்வாள். புதிதாக மாற்றலாகி வரும் அதிகாரிகள் முதல் ஒரு வாரம் அவளிடம்தான் பாடம் படிப்பார்கள். பாடம் படித்த பிறகு அவள் பெயரை மறந்துவிடுவார்கள். மாகாணத்தின் ஆண்டறிக்கையில் அத்தனை அட்டவணைக்கும் கீழே ‘தொகுத்தது: பிரிவு 4’ என்றிருக்கும். அந்த ‘பிரிவு 4’ அவள்தான்.

சின்னவளோ பள்ளியில் மாகாண வரைபடம் வரையச் சொன்னபோது ஆற்றை மலை மேல் ஏறவிட்டவள். கிழக்கு எது மேற்கு எது என்று கேட்டால் சூரியனைத் தேடி ஜன்னலுக்கு ஓடுவாள். தேர்வு நாளில் பெரியவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள். கல்யாணமாகி அக்கரைக்குப் போனாள். போன ஐந்தாவது வருடம், பள்ளிக்கூடத்துக்குக் கூரை கேட்டுப் பெண்களைத் திரட்டி மாகாண அலுவலக வாசலில் உட்கார்ந்தாள். பெரியவள் அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பின்வாசல் வழியாகப் போனாள். அடுத்த தேர்தலில் சின்னவள் தலைவி ஆனாள்.

இதற்கெல்லாம் பொறாமை என்று பெரியவள் பெயர் வைக்கவில்லை. நியாயம் என்று வைத்திருந்தாள். ராப்பகலாகப் படித்தவள் ஒரு மூலையில், படிக்காதவள் மேடையில் என்றால் உலகத்தில் ஏதோ கோளாறு என்பது அவள் கட்சி.

வீட்டிலும் நிம்மதி இல்லை. அம்மா இருந்தது பெரியவள் வீட்டில். சாப்பாடு இங்கே, பேச்செல்லாம் அங்கே. மருந்தைக் கையில் வாங்கிக்கொண்டே, “சின்னவ இருந்தா தேன் குழைச்சுக் குடுப்பா” என்பாள். பெரியவளின் கணவர், பாலத்தைத் தாண்டி அக்கரைக்கு நாளைக்கு நாலு நடை ஓட்டுகிற பேருந்தின் ஓட்டுநர். உள்ளே ஒன்று வைத்து வெளியே ஒன்று பேசத் தெரியாத மனிதர்.

“இன்னைக்கு உன் தங்கச்சி நம்ம பஸ்ல ஏறினா. அவளை டிக்கெட் எடுக்க விட மாட்டேங்குது சனம். நான் எடுக்கறேன், நீ எடுக்கறேன்னு ஒரே தள்ளுமுள்ளு.”

“பஸ்ஸை ஓட்டறது நீங்க. உங்களுக்கு யாராச்சும் ஒரு வாய்த் தண்ணி வாங்கிக் குடுத்தாங்களா?” என்றாள் பெரியவள்.

“எனக்கெதுக்குத் தண்ணி? பாட்டில் வச்சிருக்கேனே” என்றார் அவர்.

அந்த வருடம் மாகாணத்தில் புதுச் சட்டம் வந்தது. மூவாயிரம் பேருக்குக் குறைவான உள்ளாட்சி மன்றங்களைக் கலைத்துப் பக்கத்து மன்றத்தோடு சேர்த்துவிடுவார்கள். அதற்காக எல்லா ஊரிலும் தலை எண்ண வேண்டும். அக்கரை, இக்கரை இரண்டுக்கும் மேற்பார்வையாளராகப் பெரியவளைப் போட்டார் வருவாய் அதிகாரி.

“அங்க என் தங்கச்சி தலைவி சார்” என்றாள் அவள்.

“தெரியும். அதனால நீங்க இன்னும் கண்டிப்பா இருப்பீங்க. உங்களை விட்டா இந்த ஆத்தைப் பத்தித் தெரிஞ்சவங்க யாரு இருக்கா?” என்றார் அவர்.

அந்த வார்த்தை அவளுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. கணக்கெடுப்பை அவள் குறை சொல்ல முடியாதபடி நடத்தினாள். ஆசிரியர்களுக்கும் தபால்காரர்களுக்கும் பயிற்சி கொடுத்து, கதவு கதவாகச் சுண்ணக்கட்டியால் எண் போடவைத்து, சந்தேகம் வந்த படிவத்துக்கு இரண்டாம் முறை ஆள் அனுப்பினாள். மூன்று வாரத்தில் எல்லாம் மேஜைக்கு வந்து சேர்ந்தது. இக்கரை நாலாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு. அக்கரை இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலு.

இருபத்தாறு பேர் குறைவு.

அப்போதுதான் மேடு என்ற குடியிருப்பு ஞாபகம் வந்தது. ஆற்றோரம் பதினோரு வீடுகள், நாற்பத்தொரு பேர். பத்தொன்பது வருடத்துக்கு முன் வந்த வெள்ளத்தில் ஆறு தடம் மாறியது. அதுவரை மேட்டுக்கு அந்தப் பக்கமாக ஓடியது, இந்தப் பக்கமாக அறுத்துக்கொண்டு பாய்ந்து, மேட்டை அப்படியே அக்கரையோடு ஒட்டவைத்துவிட்டது. வரைபடத்தில் மட்டும் மேடு இன்னமும் இக்கரை. வெள்ளம் வடிந்ததும் நில அளவையாளரோடு சேற்றில் நடந்துபோய், ஆற்றின் புதுத் தடத்தைச் சிவப்பு மையில் வரைந்து, எல்லையை மாற்ற வேண்டும் என்று குறிப்பு எழுதியவள் வேறு யாரும் இல்லை, அன்றைக்கு இளம் எழுத்தராக இருந்த பெரியவளேதான். அந்தக் கோப்பை யாரும் பார்க்கவில்லை. அது இரண்டாவது பீரோவில் தூங்கியது.

சுற்றறிக்கை தெளிவாகச் சொன்னது. எல்லை பழைய வரைபடத்தின்படி. ஆறு தடம் மாறிய இடங்களில் மேற்பார்வையாளர் சான்று கொடுத்தால் இப்போதைய தடமே எல்லை. அந்தச் சான்றுக்கு ஒரு தாள். அதில் ஒரு கோடு. அந்தக் கோட்டில் ‘ஆறு தடம் மாறியுள்ளது’ என்று எழுதினால் அக்கரைக்கு மூவாயிரத்துப் பதினைந்து பேர். மன்றம் பிழைக்கும்.

பெரியவள் மின்விசிறியை நிறுத்தினாள். வரைபடத்தை விரித்து, மேட்டை விரலால் ஒரு முறை தொட்டுப் பார்த்தாள். வெளியே அறிவிப்புப் பலகைப் பக்கம் யாரோ யாரிடமோ, “இவங்க தங்கச்சிதான் அந்தத் தலைவி” என்று சொல்வது கேட்டது.

‘மாற்றம் ஏதும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். 

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஒரு லேசான குதூகலம் இருந்தது. பழைய வரைபடம் பழைய வரைபடம்தானே, நான் என்ன பொய்யா எழுதினேன், என்று தனக்குத்தானே வாதாடி, தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள். அன்று அம்மாவுக்கு மருந்தில் தேன் குழைத்துக் கொடுத்தாள். அம்மா ருசி பார்த்துவிட்டு, “சின்னவ இன்னும் கொஞ்சம் கூட விடுவா” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்னவள் வந்தாள். வந்ததும் வராததுமாகச் செருப்பை உதறிவிட்டு அம்மாவின் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, அம்மாவின் தலையைச் சிக்கெடுத்தாள். அத்தானைக் கிண்டல் செய்தாள். அடுப்படிக்குள் வந்து கேட்காமலே வெங்காயம் உரித்தாள். பெரியவள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

“அக்கா, இருபத்தாறு பேர் குறையுதாமே.”

“ஆமா.”

“ஒரு பஸ்ஸுக்குக்கூடப் பத்தாது. ரெண்டு வீட்டுல பிள்ளை பெத்துக்கச் சொல்லியிருக்கலாம், முன்னாடியே தெரியாம போச்சு.” சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. “மன்றத்துல எல்லாரும் மறுகணக்குக் கேட்கணும்னு குதிச்சாங்க. நான் வேண்டாம்னுட்டேன்.”

பெரியவள் திரும்பினாள். “ஏன்?”

“என்ன கேள்வி இது? எண்ணினது நீ. நீ எண்ணினா ஒண்ணு கூடவும் கூடாது, குறையவும் குறையாது. எங்க அக்கா கணக்குல தப்பு வராதுன்னு அவங்ககிட்ட சொன்னேன். சத்தமா வேற சொல்லித் தொலைச்சேன். மறுகணக்குக் கேட்டா உன்னைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடும்ல?” வெங்காயக் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். “போகட்டும் போ. ஆறு வருஷம் இருந்தாச்சு. அந்தப் பள்ளிக்கூடம்தான் பாதியில நிக்குது.”

அவளுக்கு மேட்டைப் பற்றித் தெரியவில்லை என்பது பெரியவளுக்கு அப்போதுதான் உறைத்தது. எது எந்த எல்லையில் என்று அவள் எந்தக் காலத்தில் பார்த்தாள்? சண்டைக்கு வந்திருந்தால் பெரியவள் சுற்றறிக்கையை வரி வரியாக ஒப்பித்திருப்பாள். அதற்கு நாலு நாளாகத் தயாராக இருந்தாள். நம்பிக்கையோடு வந்து நிற்பவளிடம் எதை ஒப்பிப்பது? அந்த இடத்திலும் அவளுக்கு முதலில் வந்தது வருத்தம் இல்லை. பெருந்தன்மையையும் இவளே தட்டிக்கொண்டு போகிறாளே என்ற எரிச்சல்தான் வந்தது.

செவ்வாய்க்கிழமை அவள் விடுப்பு எடுத்தாள். சான்று கொடுத்த இடத்தை ஒரு முறை நேரில் பார்த்துவைப்பது நல்லது, நாளைக்கு யாராவது கேட்டால் சொல்லலாம் என்று கணவரிடம் சொன்னாள். அவர் பாலத்தைத் தாண்டியதும் பேருந்தை நிறுத்தி இறக்கிவிட்டார்.

மேடு வரைக்கும் வண்டித்தடம். இரண்டு பக்கமும் புல். பத்தொன்பது வருடத்துக்கு முன் முழங்கால் சேற்றில் அவள் கடந்த பழைய ஆற்றுப்படுகையில் இப்போது யாரோ காய்கறி போட்டிருந்தார்கள். முதல் வீட்டுக் கதவில் சுண்ணக்கட்டி எண் அழியாமல் இருந்தது. வாசலில் ஒரு பால்காரம்மா கன்றுக்குட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏ தலைவி! நில்லு! சொன்ன பேச்சு கேக்கறியா நீ?”

பெரியவள் திடுக்கிட்டாள். “யாரைச் சொல்றீங்க?”

“இதைத்தான். குழாய் போட்ட அன்னைக்குப் பொறந்துச்சு. அதான் தலைவின்னு பேர் வச்சோம். அவங்களும் இப்படித்தான், ஒரு இடத்துல நிக்க மாட்டாங்க.”

சிரிக்கக் கூடாது என்று நினைப்பதற்குள் பெரியவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தான் அலுவலகத்திலிருந்து வந்திருப்பதாகச் சொன்னாள். யாருக்கு அக்கா என்று சொல்லவில்லை. பால்காரம்மா நாற்காலி போட்டாள், குழாயில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள்.

“இந்தக் குழாய் அக்கரை மன்றம் போட்டதா? நீங்க இக்கரை ஆச்சே.”

“அது உங்க தாள்லதாம்மா. நாங்க ஓட்டுப் போடறது உங்க கரை, தண்ணி பிடிக்கறது இந்தக் கரை. ஒரு பிறப்புச் சான்று வாங்கணும்னா பாலத்தைச் சுத்தி பதினாலு கிலோமீட்டர். போனா, ‘நீங்க அந்தப் பக்கம்தானே’ம்பாங்க. இந்தப் பக்கம் கேட்டா, ‘லிஸ்ட்ல இல்லையே’ம்பாங்க. எங்க மாமனார் செத்து ஒன்பது வருஷம் ஆச்சு, இன்னும் எந்த ஆபீஸ்லயும் அவர் சாகலை.” கன்றைக் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். “அந்தம்மா ஒரு நாள் வழி தவறி இங்க வந்துட்டாங்க. பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டியவங்க. தண்ணி எங்க எடுக்கறீங்கன்னு கேட்டாங்க. ஆத்துலன்னோம். மூணு மாசத்துல குழாய் வந்துடுச்சு. நாங்க உங்க எல்லையில இல்லம்மான்னு சொல்லலாம்னு எங்க வீட்டுக்காரர் வாயைத் திறந்தாரு. நான் கிள்ளிட்டேன்.”

பெரியவள் தண்ணீரைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தாள். பத்தொன்பது வருடமாக மேட்டைப் பற்றி எல்லாம் தெரிந்தவள் அவள். தலை எத்தனை, மாடு எத்தனை, கிணறு இல்லை என்பது வரைக்கும் பதிவேட்டில் அவள் கையெழுத்திலேயே இருந்தது. ‘குடிநீர் வசதி: ஆறு’ என்று ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் அழகாக எழுதியிருக்கிறாள். வழி தவறி வந்தவள் அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

வயிறு எரிந்தது. ஆனால் இந்த முறை யார் மேல் எரிகிறது என்று சரியாகப் பிரித்துச் சொல்ல அவளால் முடியவில்லை.

மறுநாள் காலை, இரண்டாவது பீரோவிலிருந்து பழைய கோப்பைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு வருவாய் அதிகாரியின் அறைக்குப் போனாள். கணக்கு மேலிடத்துக்குப் போக இன்னும் இரண்டு நாள் இருந்தது. சிவப்பு மைத் தடத்தைக் காட்டினாள். தன் சான்றைக் காட்டினாள்.

அதிகாரி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். “கவனிக்காம விட்டுட்டீங்களா?”

“இல்ல சார். தெரிஞ்சுதான் எழுதினேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். “அதை என்கிட்ட சொல்லாதீங்க. நான் கேட்கலை. பிழை திருத்தம்னு எழுதிக் குடுங்க, அனுப்பிடறேன். ஆனா மேற்பார்வையாளர் சான்றுல பிழைன்னு ஏறினா அது உங்க பணிப்பதிவேட்டுல நிக்கும். அடுத்த மாசம் பிரிவுத் தலைவர் பதவிக்கு உங்க பேரைத்தான் எழுதியிருந்தேன்.”

“அதுல என் பேர் வருமா சார்? பிரிவு 4ன்னு வருமா?”

அவருக்குப் புரியவில்லை. அவள் திருத்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். 

பிரிவுத் தலைவர் பதவி தலைமை எழுத்தருக்குப் போனது. அவர் இனிப்போடு அவள் மேஜைக்கு வந்து, “உங்களுக்கு வர வேண்டியது” என்றார். நல்ல மனிதர், மனசாரத்தான் சொன்னார். அவள் இனிப்பை வாயில் போட்டுக்கொண்டாள். 

அக்கரை மன்றம் பிழைத்த செய்தி வந்த அன்று மாலையே சின்னவள் ஓடி வந்தாள். “பாத்தியா, எங்க அக்கா கணக்குன்னா சும்மாவா!” என்று கட்டிப்பிடித்தாள். பெரியவள் அவள் கையை விலக்கி, உட்காரச் சொல்லி, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். அம்மா கட்டிலில் இருந்தாள். கணவர் வாசலில் செருப்புக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். 

சொல்லாமல் விட்டிருக்கலாம். அப்படி விட்டிருந்தால் வாழ்நாள் முழுக்க அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டே இருந்திருக்க வேண்டும்.

சின்னவளின் முகம் சிவந்தது. “நான் தோக்கணும்னு நினைச்சியா?”

“ஆமா.”

“என்னைத் தோக்கடிக்க நாப்பத்தோரு பேரைத் தூக்கி ஆத்துல போட்டியா?”

“ஆமா.”

“எதுக்கு? நான் உனக்கு என்ன பண்ணினேன்?”

“ஒண்ணும் பண்ணலை. உன் படம் வந்துச்சு. அவ்வளவுதான்.”

“படமா?” சின்னவள் எழுந்துவிட்டாள். “ஒரு படத்துக்கா? அந்தப் படத்துல என் வாய் கோணலா இருக்கு! எனக்கே பிடிக்கலை அந்தப் படம்!”

வாசலில் கணவர் சிரிப்பை மறைக்கக் குனிந்துகொண்டார். சின்னவள் செருப்பை மாட்டிக்கொண்டு, அம்மாவிடம்கூடச் சொல்லாமல் போய்விட்டாள். அம்மா சொன்னாள். “உனக்குப் படிப்பு வந்துச்சேன்னு நான் உன்னைப் பத்திக் கவலைப்படவே இல்ல. அவளுக்கு ஒண்ணும் வராதேன்னு அவளைப் பத்தியே பேசிட்டிருந்தேன். அது இப்படிப் போயிடுச்சா?” பெரியவள் தலையணையைச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

இரண்டு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. கணவர் மட்டும் தினமும் சேதி கொண்டுவந்தார். பள்ளிக்கூடத்துக்குக் கூரை ஏறிவிட்டது. புதுத் தேர்தலில் சின்னவளே மறுபடியும் தலைவி. மேட்டுக்காரர்கள் மன்றத்துக்கு ஒரு உறுப்பினரை அனுப்பியிருக்கிறார்கள், அந்தப் பால்காரம்மாவையே. முன்பெல்லாம் இந்தச் சேதிகள் அவளுக்கு ஊசி மாதிரி இருந்தன. இப்போது குத்தாமல் இல்லை, ஆனால் குத்தின இடத்தை அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

புதிய மன்றம் பதவியேற்கும் நாளில் அம்மாவை அழைத்துப்போகத்தான் வேண்டியிருந்தது. புதுக் கூரையின் கீழே பள்ளிக்கூட பெஞ்சுகளைப் போட்டிருந்தார்கள். பெரியவள் மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்தாள். சின்னவள் மேடையிலிருந்து பார்த்தாள், சிரிக்கவில்லை. உறுதிமொழி வாசிக்கும்போது இரண்டு இடத்தில் தடுமாறினாள். கூட்டம் அதற்கும் கை தட்டியது. நான் வாசித்திருந்தால் தடுமாறியிருக்க மாட்டேன் என்று பெரியவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் தன்மேல் அலுப்பாக வந்தது. கை தட்டினாள்.

எல்லாம் முடிந்து பேருந்து புறப்படுகிற நேரம். அம்மாவைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டுப் பெரியவள் படியில் கால் வைத்தபோது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு சின்னவள் வந்தாள்.

“அடுத்த ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா.”

“எதுக்கு?”

“திட்டணும். அன்னைக்கு அவசரத்துல பாதிதான் திட்டினேன். மிச்சம் அப்படியே இருக்கு.”

பெரியவள் படியிலிருந்து இறங்காமல் அவளைப் பார்த்தாள். “எத்தனை மணிக்கு?”

“காலையிலயே வந்துடு. நிறைய இருக்கு.”

ஓட்டுநர் இருக்கையிலிருந்து கணவர் திரும்பி, “மத்தியானச் சாப்பாடு உண்டா?” என்று கேட்டார்.

“உங்களுக்கு உண்டு அத்தான். அவளுக்குத் திட்டி முடிச்ச பிறகுதான்” என்றாள் சின்னவள்.